வெப்பமானி இல்லாத நெருப்பு

இன்றைய பார்பிக்யூ அடுப்பில் வெப்பமானி உண்டு. காற்றுத் துளையைத் திறந்தும் மூடியும் சூட்டை 110 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் நிறுத்துகிறார்கள். இந்த அறிவு யாருடையது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

1865க்கு முன் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெருவிருந்துகளில் இந்த வேலையைச் சுமந்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். நீளக் குழி வெட்டினார்கள். விறகைத் தனியே எரித்துக் கங்காக்கி, மண்வாரியால் அள்ளி இறைச்சிக்கு அடியில் பரப்பினார்கள். கங்கு கூடினால் மேலே கருகும். குறைந்தால் உள்ளே வேகாது. கண்ணும் காதும் உள்ளங்கையுமே அளவுகோல். 1930களில் பதிவான வாக்குமூலத்தில், தென் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ் இரவெல்லாம் கண்விழித்து இறைச்சி வாட்டியதைச் சொல்கிறார். விருந்து என்னவோ எஜமானர்களுடையது.

விடுதலைக்குப் பின் அந்தக் கைப்பழக்கமே பலருக்குப் பிழைப்பானது. கன்சாஸ் சிட்டியில் 1908 வாக்கில் கடை போட்ட ஹென்றி பெர்ரியிடமிருந்துதான் அந்நகரின் பார்பிக்யூ மரபு தொடங்குகிறது.

வெயிலும் உப்பும் பார்த்து மாட்டுக்கறியை உப்புக்கண்டமாக்கிய நம் பாட்டிகளின் கணக்கும் இப்படிப்பட்டதே. ஊர் அதை அறிவென்று மதிக்கவில்லை, தீட்டென்று ஒதுக்கியது. கருவிக்கு முன்பே அளவு தெரிந்திருந்த கைகளின் பெயர்களை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.