மிதிவண்டிப் பந்தயமும் மூடிய ரயில்வே கேட்டும்

நெடுஞ்சாலை மிதிவண்டிப் பந்தயம் மைதானத்துக்குள் நடக்கும் விளையாட்டு அன்று. ஒரே நாளில் 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் பந்தயப் பாதை ஊர்களையும் வயல்களையும் கடந்து செல்கிறது. வழியில் இருப்புப்பாதைகளும் குறுக்கிடுகின்றன. பந்தயத்துக்காகக் காவல்துறை சாலையை அடைத்துவிட முடியும். ரயிலை அப்படி நிறுத்திவைப்பது எளிதன்று. அமைப்பாளர்கள் ரயில் கால அட்டவணையைப் பார்த்தே நேரத்தை வகுக்கிறார்கள் என்றாலும், எதிர்க்காற்றோ பின்காற்றோ அடித்தால் வீரர்கள் ஒரு கேட்டை அடையும் நேரம் பல நிமிடங்கள் மாறிவிடும்.

1896இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயம் இச்சிக்கலுக்குப் பெயர்பெற்றது. வடபிரான்சின் கருங்கல் பாவிய சிறு சாலைகள் வழியே சென்று ரூபே நகரின் மிதிவண்டி ஓடுதளத்தில் முடியும் பந்தயம் இது.

2006 நிகழ்வு

2006 ஏப்ரல் 9 அன்று நடந்த பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செலாரா தனியாக முன்னே சென்றுவிட்டார். லெய்ஃப் ஹோஸ்தே, பீட்டர் வான் பெட்டெகெம், விளாடிமிர் குசெவ் ஆகிய மூவர் அவரைத் துரத்தினர். அவர்கள் வந்தபோது ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. மூவரும் நிற்காமல் அதைக் கடந்து போனார்கள். அடுத்து வந்த டாம் பூனனின் குழு நின்றது. அவர்கள் கண்முன்னே ரயில் கடந்து சென்றது.

மூவரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் வந்து சேர்ந்தனர். பின்னர் நடுவர்கள் மூவரையும் தகுதிநீக்கம் செய்தனர். பூனன் இரண்டாம் இடத்துக்கும், இத்தாலியின் அலெசாந்த்ரோ பல்லான் மூன்றாம் இடத்துக்கும் உயர்த்தப்பட்டனர். தண்டனை கடுமையானது என்று தோன்றலாம். ஆனால் அது இல்லையென்றால் விதியை மதித்து நின்றவர்களே தோற்றவர்கள் ஆகியிருப்பார்கள்.

விதி சொல்வது

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிப்படி, கேட் மூடியிருந்தாலும் மூடிக்கொண்டிருந்தாலும் கடக்கக் கூடாது. எச்சரிக்கை விளக்கு மின்னினாலும் மணி ஒலித்தாலும் அப்படியே. மீறியவர் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார். நாட்டுச் சட்டம் தரும் தண்டனை அதற்கு மேல்.

நேரக் கணக்கு தனி. முன்னே சென்றவர் 30 வினாடிக்கு மேல் முந்தியிருந்து, மூடிய கேட்டில் நிற்கும்போது பின்னால் வந்தவர்கள் அவரை எட்டிவிட்டால், பந்தயம் நிறுத்தப்பட்டு பழைய இடைவெளியுடன் மீண்டும் தொடங்கும். 30 வினாடிக்கும் குறைவென்றால் அது அவருடைய கெட்ட நேரம்தான். முன்னே இருப்பவர் கேட் மூடுமுன் போய்விட்டு மற்றவர்கள் மாட்டிக்கொண்டாலும் ஈடு எதுவும் இல்லை.

சிக்கல் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. ‘மூடுமுன்’ போனவருக்கு ஆதாயம், நின்றவருக்கு நட்டம் என்னும்போது, தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் வேகத்தைக் கூட்டத் தோன்றுவது இயல்பு. கூட்டத்தில் முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் பிடித்தால், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி வரும் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒருவர்மேல் ஒருவர் விழும் அபாயமும் உண்டு.

2015, 2018

2015 ஏப்ரல் 12 அன்று அதே பந்தயத்தில், பெருங்கூட்டம் வந்துகொண்டிருந்தபோதே கேட் இறங்கத் தொடங்கியது. முன்னால் இருந்தவர்கள் கடந்துவிட்டனர். பின்னால் பலர் இறங்கும் தடுப்புக் கம்பிகளுக்கு இடையில் புகுந்து சென்றனர். மோட்டார் சைக்கிளில் வந்த காவலர் குறுக்கே நின்று மற்றவர்களைத் தடுத்தார். சில வினாடிகளில் அதிவேக ரயில் ஒன்று அவ்வழியே பாய்ந்து சென்றது. பின்தங்கியவர்கள் வந்து சேரும்வரை பந்தயத்தின் வேகம் குறைக்கப்பட்டது. யாரும் நீக்கப்படவில்லை, முன்னால் இருந்தவர்கள் பாதுகாப்பாக நின்றிருக்க முடியாது என்று நடுவர்கள் கருதினர். பிரான்சின் அரசு ரயில் நிறுவனம் இதை ஏற்கவில்லை. வழக்குத் தொடர வேண்டும் என்றது. அன்று வென்றவர் ஜெர்மனியின் ஜான் டெகன்கோல்ப்.

மூன்றாண்டு கழித்து, 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஷெல்டேபிரைஸ் பந்தயத்தில் நடுவர்கள் தயங்கவில்லை. எச்சரிக்கையை மீறிக் கடந்த ஏறத்தாழ முப்பது பேர் நீக்கப்பட்டனர். டிலன் குரூனவேகன், அர்னோ டெமார், டோனி மார்ட்டின் போன்ற முன்னணி வீரர்களும் அவர்களுள் அடக்கம்.

இந்தியச் சூழல்

தர்மபுரி மாவட்டத்தின் தீர்த்தமலை வழியே ரயில் பாதை இல்லை. ரயில் பிடிக்க மொரப்பூர் செல்ல வேண்டும். ஆனால் மூடிய கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைத்துப் போவது தமிழ்நாட்டில் எங்கும் காணும் காட்சிதான். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், பிரிவு 147இன்படி, ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம். மூடிய கேட்டை ரயில்வே ஊழியர் அல்லாதவர் திறந்தால் பிரிவு 160இன்படி மூன்றாண்டு வரையும், உடைத்தால் ஐந்தாண்டு வரையும் சிறை.

அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரிக்குள் ஒழிக்கப்பட்டன. சிக்னலுடன் இணைந்த கேட்டுகளில், கேட் பூட்டப்பட்ட பிறகே ரயிலுக்குப் பச்சை விளக்கு கிடைக்கும். கேட் கீப்பர் நினைத்தாலும் அவசரக்காரருக்காக உடனே திறந்துவிட முடியாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த கடவில், ஆள் இருந்தும் இந்த இணைப்பு இருக்கவில்லை.