சுட்டெண் மறைத்த முகம்

நிகழ்நிலைப் பரீட்சைக்கு முதல் வாற அறிவுறுத்தலை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. கேன்டிடேட், செஷன், ப்ரொக்டர், ரூம் ஸ்கேன், ஃபிளாக் எண்டு சொற்கள் வரிசையாக நிற்கும். எல்லாமே கணினியோடு பிறந்தவை மாதிரித் தெரியும். ஆனால் சில சொற்களுக்கு வயது கூட. பழைய உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர் வெள்ளை அங்கி போட்டு வருவார். அந்த வெள்ளையிலிருந்துதான் 'கேன்டிடேட்' வந்தது. 'ப்ரொக்டர்' ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மாணவரின் ஒழுக்கத்தைக் கண்காணித்த அதிகாரி. எங்கட பரீட்சை மண்டபத்தில் இவர்களுக்குப் பரீட்சார்த்தி, நோக்குநர் எண்டு பெயர்.

இந்தப் பட்டியலில் சுட்டெண்ணை மட்டும் நாங்கள் பெரிதாக எடுக்கிறதில்லை. உண்மையில் பரீட்சையின் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

சீனாவில் அரச உத்தியோகத்துக்கான பரீட்சை ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்தது, 1905இல்தான் நிறுத்தினார்கள். சொங் அரசர்களின் காலத்தில் (960–1279) விடைத்தாளில் பெயர் இருக்கும் இடத்தைத் தாள் ஒட்டி மறைத்தார்கள். அதுவும் காணாது எண்டு எழுதுவினைஞர்களை இருத்தி ஒவ்வொரு விடையையும் வேறு தாளில் பிரதி எடுத்தார்கள். கையெழுத்தைப் பார்த்து 'இது எங்கட ஆள்' எண்டு திருத்துபவர் கண்டுபிடிக்கக்கூடாது, அவ்வளவுதான்! பிற்காலத்தில் அந்தப் பிரதியைச் சிவப்பு மையில் எழுதினார்கள்.

இதே பரீட்சையில் கண்காணிப்பும் கடுமைதான். நான்ஜிங் நகரத்துப் பரீட்சை வளாகத்தில் 20,000க்கு மேற்பட்ட சிறு அறைகள் இருந்தன. வாசலில் உடம்பைத் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பிறகு சாப்பாடு, படுக்கை எல்லாத்தோடையும் அந்தப் பெட்டி மாதிரியான அறைக்குள் நாட்கணக்கில் இருக்கவேணும். மேலே கோபுரத்திலிருந்து காவல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: காவல் காத்தவர் ஆளைப் பார்த்தார், புள்ளி போட்டவர் ஆளைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது.

அந்தச் சுவரைத்தான் சுட்டெண் எங்களுக்கும் தந்தது. 1858இல் கேம்பிரிட்ஜ் தன் உள்ளூர்ப் பரீட்சைகளைத் தொடங்கியபோது, வினாத்தாள்களைப் பூட்டின பெட்டிக்குள் வைத்து ரயிலில் கொண்டு போனார்கள். அந்த நூற்றாண்டு முடியமுதலே அந்தப் பரீட்சை இலங்கைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் ஓ.எல், ஏ.எல் விடைத்தாளில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை.

ஆனால் சுட்டெண் எல்லாத்தையும் மறைக்காது. பெயரை மறைத்தாலும் விடை எழுதின மொழி தெரியுமே! தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குக் கூடப் புள்ளி போட்டார்கள் எண்டு ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலத்தாருக்கு 400க்கு 227 புள்ளி போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூலத்தாருக்கு 250 வேண்டியிருந்தது. பிறகு தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தது. அந்த 23 புள்ளிகள் இந்த நாட்டில் எதையெல்லாம் கிளப்பிவிட்டன எண்டு எழுதப் போனால் அது வேறு கட்டுரை.

நிகழ்நிலைப் பரீட்சையில் அந்தச் சுவர் மெலிகிறது. இப்போது கமராவுக்கு முகமும் வேணும், அறையும் வேணும். கண் திரையை விட்டு விலகினாலோ பின்னால் இன்னொரு குரல் கேட்டாலோ மென்பொருள் ஃபிளாக் போடும், அதாவது 'இதைச் சந்தேகமாகப் பார்' எண்டு குறித்து வைக்கும். தனி அறை இருக்கிற பிள்ளைக்குப் பிரச்சினையில்லை. ஒரே அறையில் தம்பி, தங்கச்சி, அம்மம்மா எல்லாரும் இருக்கிற வீட்டில் என்ன செய்யிறது? செஷன் எண்ட சொல்லும் கரண்ட் இருக்கும் எண்டு நம்பித்தான் நிற்கிறது; 2022 மார்ச் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. முகம் காட்டுவதிலும் சமன் இல்லை. சில மென்பொருள்கள் கறுப்பின மாணவரின் முகத்தை முகமாகவே அடையாளம் காணவில்லை எண்டு 2020, 2021இல் அமெரிக்காவில் முறைப்பாடுகள் எழுந்தன. அங்கே மொழி செய்ததை இங்கே தோலின் நிறம் செய்தது.

ரூம் ஸ்கேன் நீதிமன்றத்துக்கும் போனது. ஒகாயோ மாநிலத்தில் ஒரு இரசாயனவியல் பரீட்சைக்கு முதல் ஒரு மாணவரிடம் படுக்கையறையைக் கமராவில் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவருடைய தனிப்பட்ட ஆவணங்கள் அறையில் கிடந்தன, எடுத்து வைக்க நேரம் இருக்கவில்லை. அது அரசியலமைப்புக்கு முரணான சோதனை எண்டு 2022 ஓகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அது அரச பல்கலைக்கழகம் எண்டபடியால்தான் அந்தச் சட்டப்பிரிவே பொருந்தியது. தனியார் நடத்துகிற பரீட்சைகளை அது தொடாது. வெளிநாடு போறதுக்காக எங்கட ஆக்கள் வீட்டிலிருந்து எழுதுகிற டோஃபல் பரீட்சையில் ரூம் ஸ்கேன் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடியோ போனோ வைத்திருக்கவும் சொல்லுவினம், கமராவுக்குத் தெரியாத கணினித் திரையை அதில் காட்டுறதுக்கு.