முதலாளியும் கோச்சும்: சந்திக்கு வந்த சண்டைகளின் சரித்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஏன் இதை இப்போது எழுதுகிறோம் என்று இரத்மலானைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் டேர்பி, நொட்டிங்ஹாம் என்று இரண்டு நகரங்கள். இடையில் ஏறக்குறைய 15 மைல். நமக்கென்றால் இங்கிருந்து வாதுவைக்குக் கொஞ்சம் அப்பால் போகிற தூரம். இரண்டையும் இணைக்கும் ஏ52 வீதிக்கு 'பிரையன் க்ளஃப் வழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் மந்திரியுமில்லை, இளவரசருமில்லை. உதைபந்தாட்டக் கழகமொன்றின் முகாமையாளர். அவரோடு மோதிய முதலாளியின் பெயரில் வீதி எதுவும் இருப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மோதிய அன்று வென்றவர் முதலாளிதான்.

அந்த முதலாளி சாம் லோங்சன். டேர்பிஷயரில் லொறிகள் வைத்து முன்னுக்கு வந்த மனிதர். நம் ஊர்ப் பாஷையில் லொறி முதலாளி. டேர்பி கவுண்டி கழகத்தின் தலைவராக இருந்த அவர், 1967இல் க்ளஃபையும் அவருடைய துணையாளர் பீட்டர் டெய்லரையும் கூட்டிவந்தார். அப்போது கழகம் இரண்டாம் பிரிவில் கீழ்ப்பாதியில் கிடந்தது. 1969இல் முதற்பிரிவுக்கு ஏறியது. 1972இல் சரித்திரத்திலேயே முதன்முறையாக இங்கிலாந்துச் சம்பியன். 1973இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி. லோங்சன் க்ளஃபைத் தன் மகனைப் போலவே பார்த்தார் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள்.

மகன்போல என்பதில்தான் பிரச்சினை தொடங்கியது. மகனுக்கு யாரும் ஒப்பந்தம் எழுதி எல்லை போடுவதில்லையே. 1972 ஓகஸ்ட்டில் க்ளஃப், லெஸ்டர் கழகத்திலிருந்து டேவிட் நிஷ் என்ற வீரரை 225,000 பவுணுக்கு வாங்கினார். பிரித்தானியாவில் அன்றைக்கு அதுவே சாதனை விலை. பணம் கழகத்தினுடையது, ஆனால் பணிப்பாளர் சபையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீவியிலும் பத்திரிகையிலும் க்ளஃப் மற்றக் கழகங்களையும் சம்மேளனத்தையும் திட்டித் தீர்த்தார். கழகத்துக்கு வெற்றி வந்துகொண்டிருந்த காலத்தில் லோங்சனும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. டீவியை விடு, பத்திரிகையில் எழுதாதே என்றார். 1973 ஒக்டோபர் 13 அன்று டேர்பி, மென்செஸ்டர் யுனைட்டட்டை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று தோற்கடித்தது. அன்றுகூடச் சந்தோஷமில்லை. க்ளஃப் அங்கிருந்த யுனைட்டட் பெரியவர்களைப் பார்த்துக் கையால் அசிங்கமாகச் சைகை காட்டினார் என்று லோங்சன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இன்னொரு பணிப்பாளர் டெய்லரைக் கூப்பிட்டு, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து இருவரும் இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள்.

க்ளஃப் மனத்தில் இருந்த கணக்கு, ஊரே நம் பக்கம், சபை கெஞ்சிக் கூப்பிடும் என்பது. ஊர் அவர் பக்கம்தான் இருந்தது. ஆதரவாளர்கள் எதிர்ப்பியக்கம் அமைத்துக் கூட்டங்கள் போட்டார்கள். வீரர்கள் அவரைத் திருப்பியெடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அடுத்த போட்டிக்கு அவரே மைதானத்துக்கு வந்து கூட்டத்துக்குக் கையசைத்தார். சபை அசையவில்லை. சில நாட்களில் கழகத்தின் பழைய கப்டன் டேவ் மெக்காயை முகாமையாளராக்கியது. அத்தனை கூட்டமும் கோஷமும் ஒரு கையெழுத்தை மாற்றவில்லை. இராஜினாமாக் கடிதம் ஒன்றுதான் அந்தச் சண்டையில் எழுத்தில் இருந்த காகிதம். அதை எழுதியவரும் க்ளஃப்தான்.

மெக்காயின் கீழ் 1975இல் டேர்பி மறுபடியும் சம்பியனானது, அதையும் சொல்லத்தான் வேண்டும். க்ளஃப் லீட்ஸில் 44 நாள் தாக்குப்பிடித்துவிட்டு, பக்கத்து நகரமான நொட்டிங்ஹாமுக்குப் போய், 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். டேர்பி 1984இல் மூன்றாம் பிரிவுக்கு விழுந்து, கடனில் மூழ்கி, மூடப்படும் நிலைக்கு வந்தது. டேர்பியை விட்டு வந்ததற்காக க்ளஃபும் பிற்காலத்தில் வருந்தினார்.

இருபது வருடம் கழித்து லண்டனில் இதே படம் வேறு நடிகர்களோடு ஓடியது. இந்தத் தடவை கம்பியூட்டர் முதலாளி. அம்ஸ்ட்ராட் கம்பனியின் அலன் சுகர் 1991இல் டெரி வெனபிள்ஸோடு கூட்டுச் சேர்ந்து டொட்டன்ஹாம் கழகத்தை வாங்கினார். வெனபிள்ஸ் அதுவரை அதே கழகத்தின் முகாமையாளர். கூட்டுக்குப் பிறகு பிரதம நிறைவேற்று அதிகாரி. காசுப் பக்கம் ஒருவர், போல் பக்கம் ஒருவர் என்று பேச்சு. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பங்குகளில் பெரும்பகுதி சுகரிடம் இருந்தது. 1993 மே 14 அன்று பணிப்பாளர் சபையில் வாக்கெடுத்து வெனபிள்ஸை நீக்கினார்கள். அன்று பின்னேரமே வெனபிள்ஸ் நீதிமன்றம் போய் இடைக்கால உத்தரவு வாங்கித் திரும்பி வந்தார். ஜூனில் வழக்கு. நீதிமன்ற வாசலில் ரசிகர்கள் கூடி சுகரைத் திட்டினார்கள். உள்ளே நீதிபதிக்கு ரசிகர்களின் கணக்குத் தேவைப்படவில்லை. உத்தரவு நீடிக்கப்படவில்லை. வெனபிள்ஸ் வெளியே.

இந்த வழக்கின் கெட்ட பகுதி இதுவல்ல. கோபத்தில் ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் சத்தியக் கடதாசியில் ஏறியது. ஒரு வீரரை விற்கும்போது க்ளஃபுக்குக் கள்ளக் காசு கொடுத்தால் பிடிக்கும் என்று வெனபிள்ஸ் தன்னிடம் சொன்னதாக சுகர் எழுதினார். அப்படிச் சொல்லவேயில்லை என்றார் வெனபிள்ஸ். க்ளஃபும் மறுத்தார். அந்தச் சண்டையில் ஒரு சம்பந்தமும் இல்லாத மனிதர்! விசாரணை வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் அவருடைய உடல்நிலையைக் காட்டிக் கைவிடப்பட்டது. வெனபிள்ஸ் 1994இல் இங்கிலாந்து அணிக்குப் பொறுப்பானார். வழக்குகளுக்கு நேரம் வேண்டும் என்று 1996 யூரோ கிண்ணத்தோடு அதையும் விட்டார். 1998இல் கம்பனிப் பணிப்பாளராக இருக்க அவருக்கு ஏழு வருடத் தடை விழுந்தது.

இனி நியூகாஸ்ல். எங்களைக் கேட்டால் இந்த வரிசையில் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இங்கே ஒரு நடுத்தீர்ப்பு மன்றம் உட்கார்ந்து, 'முகாமையாளர்' என்ற சொல்லுக்கே அர்த்தம் பார்த்தது.

கெவின் கீகன் அந்த ஊருக்குச் செல்லப்பிள்ளை. 2007இல் கழகத்தை வாங்கிய மைக் ஆஷ்லி, விளையாட்டுச் சாமான் கடைகளின் முதலாளி. 2008 ஜனவரியில் கீகனைத் திரும்பக் கூட்டிவந்தார். ஊரே திருவிழா. அதே மாதக் கடைசியில் டெனிஸ் வைஸ் என்பவரை உதைபந்தாட்டப் பணிப்பாளராக மேலே வைத்தார்கள். வீரர் வாங்கும் விடயத்தில் கடைசிச் சொல் யாருடையது? கழகம் பகிரங்கமாகச் சொன்னது: கீகனுடையது. ஓகஸ்ட் முடிவில், வீரர்களை மாற்றும் காலம் மூடப் போகும் நேரத்தில், நாச்சோ கொன்சாலஸ் என்ற உருகுவே வீரரை எடுக்கப் போவதாக கீகனுக்குச் சொன்னார்கள். அவர் பார்த்தே இராத வீரர். யூடியூப்பில் தேடிப் பாருங்கள் என்றார்கள். அவர் பார்த்தார், வேண்டாம் என்றார். இருந்தும் எடுத்தார்கள். இரண்டு தென்னமெரிக்க முகவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்பதுதான் காரணம். செப்டெம்பர் 4 அன்று கீகன் விலகினார். பத்து நாளில், ரசிகர்களின் எதிர்ப்புத் தாங்காமல் ஆஷ்லி கழகத்தை விலைக்குப் போட்டார்.

ஒரு வருடம் கழித்து, 2009 ஒக்டோபரில் தீர்ப்பு வெளியானது. கீகனின் ஒப்பந்தத்தில் 'கடைசிச் சொல் உமக்கே' என்று நேரடியாக ஒரு வரி இல்லை. பிரீமியர் லீக் முகாமையாளர் ஒருவர் வழக்கமாகச் செய்யும் கடமைகள் என்றுதான் இருந்தது. மன்றம் சொன்னது: முகாமையாளர் என்றால் வெறும் கோச் இல்லை, வீரரைத் தெரிவதில் கடைசிச் சொல் அந்தப் பதவிக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கழகம் மீறியது. விசாரணையில் கழகம் தன் வாயாலேயே ஒன்றை ஒத்துக்கொண்டது. கீகனுக்கே கடைசிச் சொல் என்று பகிரங்கமாகச் சொன்னதெல்லாம் உண்மையல்லவாம், வெளியுலகத்துக்குச் சொன்னதாம். ரசிகனைப் பார்த்துச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, நீதிமன்றத்தில் "நாங்கள் பொய்தான் சொன்னோம்" என்று நிற்க வேண்டிய நிலை.

ஆனால் காசுப் பக்கம் பாருங்கள். கீகன் கேட்டது 80 இலட்சம் பவுணுக்கும் மேல். கிடைத்தது 20 இலட்சமும் வட்டியும். ஏன்? இப்படிப் பிரிய நேர்ந்தால் இவ்வளவுதான் என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. காகிதம் இரண்டு பக்கமும் வெட்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2009 மே மாதத்தில், நியூகாஸ்ல் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்துவிட்டது. கொன்சாலஸ் அங்கே விளையாடியது இரண்டு போட்டி.

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பக்கத்து நாட்டுக்கு வருவோம். அங்கே மோதியது கழக முதலாளி இல்லை, சம்மேளனம்; மற்றதெல்லாம் ஒன்றுதான். குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாக் 2019 முதல் இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர். 2024 ஜூனில் கட்டாரிடம் 2-1 என்று தோற்று, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியது. எல்லைக்கு வெளியே போன போலை இழுத்து அடித்த கோல், அது வேறு கதை. ஒரு கிழமைக்குள் அவரை நீக்கினார்கள். ஆனால் அதற்கு முந்திய வருடம்தான் 2026 வரை ஒப்பந்தத்தை நீடித்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பளம் தருகிறோம் என்றது சம்மேளனம். ஸ்டிமாக் ஊடகங்களைக் கூப்பிட்டு, தலைவர் கல்யாண் சௌபே எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவுக்கு நல்லது என்றார். சம்மேளனம் பதில் அறிக்கை விட்டது. கடைசியில் 4 இலட்சம் டொலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். வீரர்களின் பயிற்சிக்குப் போக வேண்டிய காசு.

நம் நாட்டில் கிரிக்கெட்டில் பார்த்ததுதானே. சந்திக ஹத்துருசிங்கவை 2010இல் நீக்கினார்கள், 2017 கடைசியில் பெரிய சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், 2019 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு போ என்றார்கள். ஒப்பந்தம் 2020 முடிவு வரை இருந்தது. அவர் போக மறுக்க, இடைநிறுத்தினார்கள். அமைச்சர் ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், பத்திரிகை நடுவில்.

இனி நம் விடயம். பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. நம்மைப் போன்ற ஊர்க் கழகங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு கொமிட்டி. ஜேர்சிக்குக் காசு தருகிற ஒரு ஹாஜியார். கோச்சுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பஸ் காசும் தேநீரும். அதனால் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. அணியைத் தெரிவது யார், ஹாஜியாரின் மருமகனைச் சேர்க்கச் சொன்னால் மறுக்கலாமா, கோச்சை நிறுத்துவதென்றால் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சில்தான். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்று நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். வெளியில் வந்து பார்த்தால், பெரியவர்களிடம் இருப்பது குரல் பதிவும் ஸ்கிரீன்ஷொட்டும்.

குரல் பதிவில் யார் பக்கம் உண்மை என்று எங்களிடம் கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரிகிறது வகுப்பில் நடப்பது. ஒரே வாங்கில் இருந்த பையன்கள் இப்போது "சேர், நாங்க கோச்ட ஆக்கள்" என்று தனியாகப் போய் உட்காருகிறார்கள். பின்னேரப் பயிற்சி நின்றுவிட்டது. பதினைந்து வயசில் நிற்கிற ஒரு சீசன் பதினாறு வயசில் திரும்பி வராது.

அந்தக் கழகத்துக்கு ஒரு காலத்தில் யாப்பு எழுதியிருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அதன் பிரதி யாருடைய அலுமாரியிலாவது இருந்தால் தயவுசெய்து தேடி எடுங்கள். தட்டச்சுச் செய்து இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கிற வேலையை நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். பொதுக்கூட்டம் போடும்வரை குரல் பதிவுகளை மேற்கொண்டு அனுப்பாமல் இருந்தால் பெரிய உபகாரம். பிள்ளைகளை வழக்கம்போல அஸருக்குப் பிறகு மைதானத்துக்கு அனுப்புங்கள். போலை நாங்கள் கொண்டுவருகிறோம், இன்ஷா அல்லாஹ்.