எத்தனை கோர்?

 

பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வாங்கப் போனால் “எத்தனை கோர்?” என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். ஒன்றே போதும் என்று வேண்டுமென்றே குறைத்த கதையும் உண்டு.

1991இல் லினக்ஸ் ஒரே புரொசெசருக்காக எழுதப்பட்டது. 1996இல் வந்த 2.0 பதிப்பு பல புரொசெசர்களை இயக்கியது. அவற்றில் எத்தனையை எழுப்புவது என்று, இயந்திரம் தொடங்கும்போதே சொல்ல ‘மெக்ஸ்சீபியூஸ்’ என்ற கட்டளை வந்தது.

2005இல் ‘கேடம்ப்’ லினக்ஸில் சேர்ந்தது. இந்தியாவில் ஐபிஎம்மில் பணியாற்றிய விவேக் கோயல் போன்றோரின் உழைப்பு அது. பணிசெயல் முறைமையின் உட்கருவான கேர்னல் செயலிழந்தால், முன்பே ஒதுக்கிவைத்த சிறு நினைவகத்தில் இரண்டாவது கேர்னல் எழும். முதலாவது விழுந்த தடயத்தைச் சேமிக்கும். அந்த வேலைக்கு ஒரு புரொசெசர் போதும்.

ஆனால் ‘மெக்ஸ்சீபியூஸ்=1’ என்றால் மற்றவை உறங்குமே தவிர, அவற்றுக்கான நினைவகமும் செலவாகும். 2010இல் வந்த ‘என்ஆர்சீபியூஸ்=1’ உச்ச எண்ணிக்கையையே ஒன்றாக்கி, அந்த இடத்தையும் மிச்சப்படுத்தியது.

தடயம் கிடைத்தால்தான் பிழையைத் திருத்தலாம். ஐ.சீ.ரீ. படிக்கும் எமது பிள்ளைகளுக்கு, வேகத்தோடு இதையும் சொல்லிக் கொடுப்போம்.