பக்க வேடம் தாங்கியவர்கள்
கூத்துக் களரியிலிருந்து சின்னத்திரை வரை

இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேகரித்தபோது, பரிசளிப்பு விழா நாடகம் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அரசியாக நடித்தவரின் பெயர் இருக்கிறது, இளவரசனாக வேடமிட்டவரின் பெயரும் இருக்கிறது. பிரதம விருந்தினரின் பெயர் பட்டங்களோடு நீளமாக இருக்கிறது. வலது ஓரத்தில் நரைத்த தலையும் வளைந்த முதுகுமாகக் கோலூன்றி நிற்கும் கிழவிக்கு மட்டும் பெயர் இல்லை. ‘மற்றும் மாணவிகள்’ என்று முடித்துவிட்டார்கள்.

கரடியனாற்றிலிருந்து படிக்க வந்த எங்களுக்கு அந்தக் கிழவி யாரென்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அன்று மண்டபம் குலுங்கச் சிரித்ததும் கடைசியில் கண்ணைத் துடைத்ததும் அவருக்காகத்தான். அரசி என்ன வசனம் பேசினாள் என்பது எங்களில் எவருக்கும் இப்போது நினைவில்லை. கிழவி வெற்றிலைப் பையைத் தேடிய விதம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் படத்தை நடுவில் வைத்துக் கதைத்ததில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை. நாடகத்திலும் படத்திலும் தொலைக்காட்சியிலும் பக்க வேடம் தாங்கியவர்கள் எந்த வழியால் வந்தார்கள், அந்த வழி எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஏன் திறக்கவில்லை என்பதைத் தெரிந்த அளவில் எழுதுகிறோம்.

களரியில் தொடங்கிய வழி

படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு நடிப்பு முதலில் அறிமுகமானது கூத்துக் களரியில்தான். வடமோடியானாலும் தென்மோடியானாலும் ஒரு கூத்துக்குப் பல மாத உழைப்பு உண்டு. அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, உடலை அளந்து பாத்திரத்தைத் தீர்மானிப்பார். அவரவர் பாட்டைக் கொடுக்கும் நாளுக்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். பிறகு பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று வரிசையாக நடக்கும். எல்லோரும் அருச்சுனனாக முடியாது. ஒருவர் கட்டியகாரனாக வருவார், ஒருவர் பறையறைவோனாக வருவார், வேறொருவர் தோழியாகவோ தூதனாகவோ வருவார். விடிய விடிய நடக்கும் கூத்தில் நித்திரைத் தூக்கத்தில் இருக்கும் சபையைத் தட்டியெழுப்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு வேடக்காரர்கள்தான். பின்னாளில் சினிமா குணசித்திர நடிகர் என்று பெயர் வைத்தது இவர்களின் வேலைக்குத்தான்.

ஆனால் அந்தக் களரியில் பெண்கள் இல்லை. திரௌபதை, சுபத்திரை, தோழி ஆகிய எல்லோருக்கும் ஆண்களே உடுப்புக் கட்டினார்கள். நாங்கள் பாய் விரித்து இருந்து பார்த்தோம். வீட்டுக்கு வந்து திண்ணையில் ஆடிக்காட்டினோம், ஏச்சும் வாங்கினோம்.

எங்கள் சங்கம் பிறந்த காலத்தை ஒட்டியே இரண்டு வாசல்கள் திறந்தன. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1926 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் மதங்கசூளாமணி நூலாக வெளிவந்தது. சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி, தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருங்கே வைத்து, நாடகத்தைக் கற்கவேண்டிய துறையாகத் தமிழில் பேசியவர் எங்கள் மண்ணின் துறவி ஒருவர் என்பது நாம் பெருமைப்படக் கூடியது. அந்த நூலின் பயன் பாடசாலை மேடைக்கு வந்துசேர நெடுநாள் பிடித்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகிய கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். மட்டக்களப்பில் பிறந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடியது அங்கேதான். படித்தவர்கள் ஆடத் தொடங்கியதும் கூத்துக்கு மதிப்புக் கூடியது. மேடையில் ஏறினால் மானம் போய்விடும் என்ற எண்ணமும் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

குரலால் வாழ்ந்தவர்கள்

இலங்கையில் தமிழ்ப் பெண்கள் நடிப்பைத் தொழிலாகக் கொள்ள முடிந்த முதல் இடம் வானொலி என்றே சொல்லலாம். முகம் தெரியாத மேடை என்பதால் வீட்டாரும் அவ்வளவாக மறுக்கவில்லை. வானொலி நாடக நடிகையாகத் தொடங்கிய இராஜேஸ்வரி சண்முகம், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அடையாளம் தெரிந்த அறிவிப்பாளராக உயர்ந்தார். 2012 இல் அவர் காலமானபோது, ஒருநாளும் நேரில் காணாத ஒருவருக்காக எங்கள் அம்மாமார் அழுதார்கள்.

வானொலிக்கும் சினிமாவுக்கும் இடையில் இருந்த பாதைக்குச் சரியான உதாரணம் ‘கோமாளிகளின் கும்மாளம்’. எஸ். ராம்தாஸ், ரி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோர் குரல் கொடுத்த அந்த வானொலித் தொடர் 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற படமானது. ராஜகோபாலை அப்புக்குட்டி என்றும் செல்வசேகரனை உபாலி என்றும்தான் சனங்கள் கூப்பிட்டார்கள். நடிகரின் பெயரைப் பாத்திரத்தின் பெயர் விழுங்கிவிடுவது குணசித்திர நடிகருக்கு வரமும் சாபமுமாகும். அதே படத்தில் நடித்த கமலினி செல்வராஜன் பின்னர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்பாளராக வலம்வந்தார்.

அடுத்த ஆண்டு தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ வந்தது. காவலூர் இராசதுரையின் கதை. அதில் சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி போன்ற படித்த பெண்கள் நடித்தார்கள். சித்திரலேகா பின்னர் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிப் பெண்களின் எழுத்தையும் வாழ்வையும் பற்றி நிறைய எழுதினார். 1978 இல் செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ என்ற பெயரிலேயே படமாகியது. பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் அதில் நடித்தார்.

இவர்களில் ஒருவருக்குக்கூட நடிப்பு மட்டும் சோறு போடவில்லை. ஒருவர் ஆசிரியர், ஒருவர் வைத்தியர், ஒருவர் அறிவிப்பாளர். மாலை வேளையிலும் விடுமுறையிலும்தான் நடிகர்களானார்கள். ஒரு தொழில் வேரூன்ற வேண்டுமானால் ஆண்டுதோறும் படங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் திரையரங்குகளும் கலையகங்களும் எரிந்தபோது அந்த நம்பிக்கையும் எரிந்தது. கலைஞர்கள் பல திசைக்கும் சிதறினார்கள். ஆனந்தராணியும் க. பாலேந்திராவும் 1978 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை இலண்டனில் தொடர்ந்து நடத்தினார்கள். மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போய் வில்லனாகவும் சிறு வேடங்களிலும் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

கடலுக்கு அப்பால்

தமிழ்நாட்டில் அந்தத் தொழில் வேரூன்றியது. அதற்கும் அடிப்படை நாடகக் குழுக்கள்தான். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா, வறுமையால் படிப்பை விட்டு நாடகத்துக்குப் போய் மனோரமா ஆனார். 1958 இல் ‘மாலையிட்ட மங்கை’யில் சினிமாவுக்கு வந்தார். நகைச்சுவைதான் அவருக்குக் கிடைத்த வாசல். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக வந்தபோது, சிவாஜியும் பத்மினியும் இருந்த படத்திலும் அவரைத் தவிர்த்து அந்தக் கதையை நினைக்க முடியவில்லை. நகைச்சுவையிலிருந்து அம்மாவாகவும் பாட்டியாகவும் மாறி, ஆயிரம் படங்களைத் தாண்டி உலக சாதனையும் படைத்தார். ‘புதிய பாதை’க்காக அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. அந்தத் துணை நடிகர் விருதே 1980களின் நடுப்பகுதியில்தான் ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஒஸ்கார் விருதிலும் 1937 வரை துணை வேடத்துக்கு இடமிருக்கவில்லை. கொடுக்கத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் முதன்மை நடிகர்களுக்குச் சிலையும் துணை நடிகர்களுக்குத் தகடும் கொடுத்தார்கள். எந்த நாட்டிலும் பக்க வேடத்தின் மதிப்பு பிந்தித்தான் வந்திருக்கிறது.

மனோரமாவைப் போன்று இன்னும் பலர். நாடக மேடையில் சிறுமியாக ஏறிய எஸ். என். லட்சுமி, ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துப் பாட்டியாக எல்லோர் மனத்திலும் நின்றார். முதுமையிலும் நடித்துக்கொண்டேயிருந்து 2012 இல் காலமானார். ‘16 வயதினிலே’யில் மயிலின் தாயாக வந்த காந்திமதி கிராமத்துத் தாய்க்கு ஒரு குரலைக் கொடுத்தார். ஆண்களில் டெல்லி கணேஷின் வழி வேறு விதமானது. இந்திய விமானப்படையில் பத்து ஆண்டுகள் வேலை, பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழு, 1977 இல் பாலச்சந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’. அதன்பின் நூற்றுக்கணக்கான படங்களில் தகப்பனாகவும் கணக்கப்பிள்ளையாகவும் அண்டை வீட்டுக்காரராகவும் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தார்.

சன் தொலைக்காட்சி 1993 இல் தொடங்கிய பிறகு, நெடுந்தொடர்கள் இந்த நடிகர்களுக்கு இன்னொரு வாழ்வைக் கொடுத்தன. படத்தில் இரண்டு காட்சிக்கு வரும் தகப்பனும் மாமியாரும் தொடரில் கிழமைக்கு ஐந்து நாள் வரவேண்டும். ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் வந்தபோது, எங்கள் ஊரிலும் ஏழரை மணி அடுப்பு ஆறரைக்கே அணைந்தது. கதாநாயகியின் பெயர் தெரியாத கிழவிகளும் அந்தத் தகப்பனை ‘பாவம் மனிசன்’ என்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை நம்பி இருந்தவருக்கு மாத வருமானம் என்ற ஒன்று வந்ததும் அப்போதுதான்.

இலங்கையில் 1982 இல் ரூபவாஹினி தொடங்கியும் தமிழ் நாடகத்துக்கு அப்படியொரு தொடர்ச்சி கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எங்கள் பேச்சு கேட்கவில்லை. ‘ஆடுகளம்’ படத்தில் பேட்டைக்காரனாக நடித்து 2011 இல் தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பாராட்டைப் பெற்றவர் ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன். முகமும் நடையும் அவருடையவை, குரல் மட்டும் ராதாரவியுடையது. மதுரைக் கதைக்கு மதுரைப் பேச்சு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனாலும் நம்மவர் ஒருவர் அறுபது வயதுக்கு மேல் திரைக்கு வந்தபோது அவருடைய குரல் வெளியில் நின்றுவிட்டது எங்களுக்கு மனத்தாங்கலாகவே இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின், எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ கான் திரைப்பட விழாவில் முதல் பரிசைப் பெற்றபோது, ஈழத் தமிழ் அதன் சொந்தக் குரலிலேயே உலகத்துக்குக் கேட்டது. சிங்களப் படங்களிலும் ‘இனி அவன்’ போன்ற தமிழ்ப் படைப்பிலும் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022 இல் இளவயதிலேயே மறைந்தார். ஒரு தமிழ் நடிகர் இரு மொழியிலும் தொழிலாகவே நடிக்கலாம் என்று காட்டிவிட்டுப் போனார்.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர், 2013 இல் தன் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ படத்தில் தாமே கிழவர் வேடத்தில் நடித்தார். நீண்ட காலம் பிறர் முகங்களைப் பார்த்தவர் கடைசியில் தன் முகத்தைக் கொடுத்தது ஒரு தாத்தா வேடத்துக்குத்தான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் மறைந்தார்.

எங்கள் வகுப்புக் கிழவி

இனிப் படத்தின் ஓரத்தில் நிற்கும் எங்கள் தோழியிடம் வருகிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் அவர் ஊருக்குத் திரும்பினார். அப்போது நாடகமும் அரங்கியலும் என்று உயர்தரத்தில் ஒரு பாடம் இருக்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகமும் இல்லை, கல்லடியில் விபுலாநந்தர் பெயரால் ஒரு கல்லூரியும் இல்லை. கொழும்பு வானொலிக்குக் குரல் தேர்வுக்குப் போக ஆசைப்பட்டார், துணைக்குப் போக வீட்டில் ஆளில்லை. பிறகு யுத்தம் வந்தது. கறுத்தப் பாலத்துக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரிலிருந்து செங்கலடிக்கு வருவதே ஒரு பயணமாகிப் போன காலத்தில், நடிப்பைப் பற்றி யார் நினைப்பது?

ஆனால் அவர் நடிப்பை விடவில்லை. இடம்பெயர்ந்து இருந்த நாட்களில் பிள்ளைகள் அழும்போது, அதே கிழவியாகக் கோலூன்றி வந்து வெற்றிலைப் பையைத் தேடுவாராம். அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து வந்த எங்களில் ஒருத்தி அவரிடம் இதைக் கேட்டபோது, ‘பிள்ளையள் சிரிச்சதுகள், அது காணும்’ என்று மட்டும் சொன்னார்.

இன்றைய நிலை வேறு. அரங்கியல் பாடமாக இருக்கிறது, பட்டப்படிப்பும் இருக்கிறது. சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர் மக்களும் செய்த கூத்து மீளுருவாக்கம், பழைய கூத்துப் பிரதியில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று கேள்வி கேட்கவும் கற்றுத்தந்தது. கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் பெண்பிள்ளைகளை இப்போது படுவான்கரையிலும் காண்கிறோம். அவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அரசி வேடம் கிடைக்கவில்லை என்று மேடையை விட்டு இறங்காதீர்கள். மனோரமாவுக்கு நகைச்சுவையும், எஸ். என். லட்சுமிக்கு முதுமையும், இராஜேஸ்வரிக்குக் குரலும் வழியாக இருந்தன.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரிகளிலும் பெட்டிகளிலும் பாடசாலை நாடகப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தோழி, காவலாளி, கிழவி, மரமாக நின்றவள், திரைக்குப் பின்னால் பாட்டுப் பாடியவள் ஆகிய எல்லோருடைய பெயர்களையும் நினைவிருக்கும்போதே படத்தின் பின்புறத்தில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்கள் வயதில் நினைவு காத்திருக்காது.

இம்மலரின் படப் பக்கங்களில் அந்தப் பழைய படத்தையும் சேர்த்திருக்கிறோம். ‘மற்றும் மாணவிகள்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு, வலது ஓரத்தில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறோம்.