காற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள்

மிச்சிகன் மாகாணத்தில் என் பெண் வீட்டில் இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருக்கும் பாக்கியம் ஒரு கோடைக்காலத்தில் எனக்கு வாய்த்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காலை எட்டு மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தெருவில் மனித சஞ்சாரம் என்று இருந்தது அடுத்த வீட்டு மோட்டார் ஷெட்டில் மட்டுந்தான். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஒரு கறுப்புக் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பூஜைக்கு உட்காருகிறவர் மாதிரி தினமும் அங்கே ஆஜராகிவிடுவார்.

கார், 1987-ம் வருஷத்து பியூக் கிராண்ட் நேஷனல். அவருடைய மேஜையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பிஸ்டனை வைத்திருந்தார். அதன் மேல் விளிம்பு ஒரு பக்கம் எலி கடித்த வடை போல உருகிப் போயிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"என் அவசரத்தின் ஞாபகார்த்தம்" என்றார் அவர். "பத்து வருஷத்துக்கு முன் ஸ்பீட் டென்சிட்டிக்கு மாறப் பார்த்தேன். ஒரே மாலையில் இப்படி ஆயிற்று. இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன்."

நான் கதை எழுதிப் பிழைப்பவன். மோட்டார் சாஸ்திரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடும் துவாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். ஆனால் தோற்றவன் மறுபடியும் ஆரம்பிக்கிறான் என்றால் கதாசிரியனுக்குச் சும்மா இருக்க முடியுமா? இருந்து கேட்டேன். அவர் சொன்னதையும், பிற்பாடு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோது, அது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் சரித்திரமாக விரிந்தது.

பெட்ரோல் யந்திரம் ஓடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய வேண்டுமானால் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கவனியுங்கள், கிராம், லிட்டர் அல்ல. காற்றை எடை போட வேண்டும். பெட்ரோல் அதிகமாகிவிட்டால் கரும்புகை, வீண் செலவு. குறைந்துவிட்டாலோ, அதுவும் யந்திரம் முழு பலத்தோடு இழுக்கிற நேரத்தில் குறைந்துவிட்டால், உள்ளே சூடு மிஞ்சி, கலவை தாறுமாறாக வெடித்து, அலுமினிய பிஸ்டன் உருகும். மேஜை மேல் இருந்த சாட்சி அதற்குத்தான்.

சாதாரண யந்திரத்தில் இந்த எடையைக் கார்புரேட்டர் ஒருவாறு ஊகித்துச் சமாளித்துவிட்டது. சங்கடத்தைக் கொண்டுவந்தது டர்போ. புகைக்குழாய் வழியாக வீணாய்ப் போகிற வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சக்கரத்தால் காற்றை நெரித்து உள்ளே தள்ளலாம் என்று ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ஆல்பிரட் பூக்கி 1905-ல் பேடன்ட் வாங்கினார். 1918-ல் அமெரிக்கரான ஸான்போர்டு மாஸ், லிபர்ட்டி என்ற விமான யந்திரம் ஒன்றைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, பதினாலாயிரம் அடி உயரத்துக்கு, ஏற்றிச் சென்று ஓட்டிப் பார்த்தார். சமவெளியில் சுமார் 350 குதிரை சக்தி காட்டிய யந்திரம், மலை மேல் மெல்லிய காற்றில் சுமார் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை மாட்டியதும் பழையபடி 350-ஐத் தொட்டது. ஒரு யந்திரத்தை மூட்டை கட்டி மலையேற்றிய அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

விமானத்துக்குச் சரி; காருக்கு? 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி ஜெட்பயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உள்ளே சூடு மிஞ்சாமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அது கூடவே குடிக்கும். சொந்தக்காரர்கள் அதை நிரப்ப மறந்து போனார்கள். வீட்டில் பூச்செடிக்கே தண்ணீர் ஊற்ற மறக்கிறவர்கள் நாம், காருக்கு ஊற்றுவோமா? கடைசியில் 1965-ல் கம்பெனியே முன்வந்து, வேண்டுமென்றவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது.

ஆக, காற்றைத் திணிப்பது எளிது. திணித்த காற்று எவ்வளவு என்று அறிவதுதான் கஷ்டம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாத்தியார் என்னென்னவோ படம் போட்டுக் காட்டினார். எனக்கு விளங்கியது கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்ட பிறகுதான்.

சமையற்காரர் எத்தனை பேருக்குச் சமைப்பது? வாசலில் ஒரு ஆளை நிறுத்தி, வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணச் சொல்லலாம். இது ஒரு வழி. காற்று நுழைகிற வாயிலிலேயே மீட்டர் வைத்து அளப்பது. இன்னொரு வழியில் வாசலில் யாரும் வேண்டாம். கூடத்தில் எத்தனை இலை போடலாம், எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், மணிக்கு எத்தனை பந்தி நடக்கிறது என்று பார்த்துப் பெருக்கினால் போதும். ஸ்பீட் டென்சிட்டி என்பது இந்த இரண்டாவது வழி. சிலிண்டரின் கொள்ளளவு தெரியும். உள்ளே காற்றின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்தால் அதன் அடர்த்தி தெரியும். யந்திரத்தின் சுற்று வேகம் தெரியும். ஒரே ஒரு விஷயந்தான் தெரியாது: போட்ட இலைகளில் எத்தனை இலைக்கு ஆள் உட்கார்ந்தார்கள் என்பது. அதை யந்திரத்துக்கு யந்திரம், வேகத்துக்கு வேகம் சோதித்துப் பார்த்து அட்டவணையாக எழுதி வைத்தாக வேண்டும்.

இந்த இரண்டாவது வழிதான் மூத்தது என்று கேட்டபோது ஆச்சரியப்பட்டேன். 1957-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் கம்பெனி எலக்ட்ரோஜெக்டர் என்ற மின்சார ஏற்பாட்டை வெளியிட்டது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி அதைச் சில கார்களில் பொருத்தி விற்றது. மொத்தமே 35 கார்கள்தான் என்கிறார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை திரும்பி வந்து கார்புரேட்டர் மாட்டிக்கொண்டு போயின. எண்ணம் சரி, அக்காலத்து எலக்ட்ரானிக் சாமான்களுக்கு அதைத் தாங்கச் சக்தியில்லை. பேடன்ட் உரிமைகள் ஜெர்மனிக்கு, பாஷ் கம்பெனிக்குப் போயின. பாஷ் பத்து வருஷம் பொறுத்து, 1967-ல், வோல்க்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக்கைக் கொண்டு வந்தது. 'டி' என்பது அழுத்தம் என்று பொருள்படும் ட்ருக் என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. உள்ளே ஒரு சின்ன உலோகச் சிமிழ். அழுத்தம் மாறினால் அது சுருங்கும், விரியும். அதற்கேற்ப பெட்ரோல் பாயும் நேரம் கூடும், குறையும்.

ஆனால் ஏழு வருஷத்துக்குள் பாஷ் கம்பெனியே கட்சி மாறிவிட்டது. 1973-74-ல் வந்த எல்-ஜெட்ரானிக்கில் 'எல்' என்பது காற்று. வாயிலில் ஒரு கதவு. காற்று அதை எவ்வளவு தள்ளித் திறக்கிறது என்பதே அளவு. 1980-களில் கதவு போய்ச் சூடேற்றிய பிளாட்டினக் கம்பி வந்தது. போகிற காற்று கம்பியைக் குளிர வைக்கும், அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் செலவாகிறதென்று பார்த்தால் காற்றின் எடையே தெரிந்துவிடும். இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. யந்திரத்துக்கு வயசானால், வால்வு தேய்ந்தால், அட்டவணை பொய்யாகிவிடும். வாசலில் நின்று எண்ணுகிறவனுக்கு அந்தக் கவலையில்லை.

நம் வாத்தியாரின் பியூக்கும் வாசலில் எண்ணுகிற கட்சிதான். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, 245 குதிரை சக்தி. அதன் கணிப்பொறிக்குத் தெரிந்த மிகப் பெரிய எண் 255. விநாடிக்கு 255 கிராம் காற்று வரைக்கும் எண்ணும். அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 255 என்றே சொல்லும். வாத்தியார் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 3.8 லிட்டர். நிமிஷத்துக்கு 5,000 சுற்றில், விநாடிக்குச் சுமார் 42 தடவை. டர்போ காற்றை இரட்டிப்பாக நெரிக்கிறது. சூட்டினால் கொஞ்சம் நீர்க்கிறது. நூறு இலைக்கு எண்பத்தைந்து பேர் உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், விநாடிக்கு ஏறக்குறைய 290 கிராம் வந்துவிட்டது! டர்போ பெரிதாக ஆக, சமையற்காரர் குருட்டு மதிப்பில் உலை வைக்க வேண்டியதுதான். மீட்டருக்கும் யந்திரத்துக்கும் நடுவே ரப்பர்க் குழாய் எங்கேயாவது கசிந்தாலும் தொல்லை: வாசலில் எண்ணப்பட்டவன் கொல்லைப்புறமாகப் போய்விடுகிறான், அவனுக்கும் சேர்த்துச் சாதம் வடித்தாகிறது.

இதனால்தான் அந்தக் கார்களின் பிரியர்கள் மீட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பினார்கள். மூன்று மடங்கு காற்றழுத்தம் வரை அளக்கும் சென்ஸார் ஒன்று, உஷ்ணத்துக்கு ஒன்று, புதிய கணிப்பொறி ஒன்று. மாட்டுவது இரண்டு நாள் வேலை. அட்டவணை எழுதுவதுதான் தவம்.

"போன தடவை ஒரு சிநேகிதனின் அட்டவணையைக் கடன் வாங்கினேன்" என்றார் வாத்தியார். "அவனுடைய காரில் கேம்ஷாப்ட் வேறு. அவனுக்கு எண்பது பேர் உட்காரும் பந்தியில் எனக்குத் தொண்ணூறு பேர்." (பந்தி உவமையை அதற்குள் அவரும் பிடித்துக்கொண்டுவிட்டார்.) "முப்பது வருஷம் பையன்களைக் காப்பியடிக்காதே என்று அதட்டினவன் நான்!"

இந்தத் தடவை கடன் வாங்கவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு எண்ணாக, சில நூறு கட்டங்கள். புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்ஸார், எரிந்தது போதுமா மிஞ்சியதா என்று சொல்லும். முதல் மூன்று வாரம் டர்போ விழித்துக்கொள்ளாத மெதுவான வேகங்களில் மட்டும் ஓட்டினார். கனமான கட்டங்களில் வேண்டுமென்றே பெட்ரோலை அதிகமாக வைத்து, அங்கிருந்து சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் என்ன ஆகுமென்பது மேஜை மேல் இருக்கிறதல்லவா?

இந்தக் காலத்துக் கார்களில் பல, இரண்டு வழியையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. ஒன்று சொல்வதை மற்றொன்று சரிபார்க்கும். வாத்தியாருக்கு அதில் உற்சாகமில்லை. அவருக்கு வேண்டியது தம் கையால் எழுதிய கணக்கு சரியாக வருவது.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மேட்டில் காலை அழுத்தினார். யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்த மாதிரி இருந்தது. என் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அவர் ரோட்டைப் பார்த்ததை விட ஆக்ஸிஜன் முள்ளைப் பார்த்ததுதான் அதிகமென்று எனக்குச் சந்தேகம். பதினொன்றரை என்று காட்டிற்று. கெட்டியான கலவை, பயமில்லை.

காப்பிக் கடையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினால், இருமிற்று, திணறிற்று. என் அடிவயிறு கலங்கிவிட்டது. வாத்தியார் சிரித்தார். நின்ற வண்டியில் யந்திரச் சூடு உஷ்ண சென்ஸாருக்கும் ஏறியிருக்கிறது. காற்று அதிகச் சூடு, அதனால் மெல்லிசு என்று கணிப்பொறி ஏமாந்து பெட்ரோலைக் குறைத்துவிட்டது என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து, தேதி போட்டு, ஸ்டீரிங்கின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். நான் காப்பிக் கடைக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.