கொக்கு அட்டை

1996இல் கோவையில் இளங்கலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி வாசலில் மேசை போட்டு வனவிலங்கு அட்டைகள் விற்றார்கள். ஒன்று 5 ரூபாய். விற்ற பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. பஸ் காசில் மிச்சம் பிடித்து வரையாடு, இருவாச்சி, சிங்கவால் குரங்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவற்றை யாருக்கும் அனுப்ப மனம் வராது.

விடுமுறையில் பேரூர்ப் பக்கம் இருந்த அம்மாயி வீட்டுக்கு அவற்றை எடுத்துப் போனேன். வெள்ளைக் கொக்கு அட்டையைக் கையில் வாங்கிய அம்மாயி சிரித்துவிட்டார். “இது நம்ம வயல்ல நிக்கற கொக்குதான? இதுக்கு ஏனம்மிணி காசு குடுத்தே?”

அந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியத் தொப்பிகளுக்காகக் கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. கொக்கின் அலங்கார இறகு வளர்வது இனப்பெருக்கக் காலத்தில். தாய்ப்பறவையைச் சுட்டால் கூட்டில் குஞ்சுகள் பட்டினியில் சாகும். இந்தியாவிலிருந்தும் இறகுகள் கப்பலேறின. காட்டுப்பறவை இறகு ஏற்றுமதியை 1902இல் இங்கிருந்த அரசு தடை செய்தது.

அதற்கு முன்பே, 1889இல், மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். இறகு அணிய மாட்டோம் என்பது உறுதிமொழி. உறுப்பினர் அட்டைக்கும் தபாலுக்குமாகக் கட்டணம் இரண்டு பென்னி. அன்றைய பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு பென்னிப் பெண்களின் சங்கமோ 1904இல் அரச சாசனம் பெற்றது. இறகு இறக்குமதித் தடைச் சட்டம் 1921இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பறவைகள் சாவதற்குப் பெண்களின் அலங்கார ஆசையே காரணம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதியபோது வர்ஜீனியா வுல்ஃப் திருப்பிக் கேட்டார்: சுடுபவர்களும் லாபம் பார்ப்பவர்களும் ஆண்கள் என்றால் பழி மட்டும் ஏன் பெண்ணுக்கு?

நற்காரியத்துக்கான அட்டைகளின் வரலாற்றிலும் ஒரு பெண் குழந்தை நிற்கிறாள். யுனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை, 1949இல், செக்கோஸ்லோவாகியாவின் ஏழு வயது யிட்கா சாம்கோவா வரைந்தது. போருக்குப் பின் காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள்.

பெண்கள் சேர்த்த சில்லறை இப்படிப் பல பொதுக் காரியங்களை நடத்தியிருக்கிறது. ஆண்கள் கொடுத்தால் கொடை என்று கல்வெட்டில் பதிகிறோம். பெண்கள் கொடுத்தால் பொழுதுபோக்கு என்று கடந்துவிடுகிறோம்.

ஆனால் அம்மாயியின் கேள்வி என்னையும் விடவில்லை. அட்டையில் கொக்கு இருந்தது. அது நிற்க நொய்யல் பாசனத்தில் வயலைப் பச்சையாக வைத்திருந்த, நாற்று நட்ட பெண்கள் இல்லை. அவர்களின் உழைப்பைப் பாதுகாப்பு என்று எவரும் கணக்கு வைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தக் கொக்கு அட்டையை மட்டும் அம்மாயிக்கு அனுப்பினேன். அந்த வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் அப்புச்சி பெயருக்கே வரும். அம்மாயி பெயருக்கு வந்த முதல் தபால் அதுதான். எழுத்து தெரியாத அவருக்காகப் பின்பக்கத்தில் முகவரி தவிர எதுவும் எழுதவில்லை. அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில் அது இருந்தது.

என் சேகரிப்பில் தபால் முத்திரை விழுந்த அட்டை அது ஒன்றுதான்.